விளக்கும் கணக்கு நோட்டும்: ஜெகந்நாதன் – கிருஷ்ணம்மாள் பற்றி வருசநாட்டிலிருந்து ஒரு வாசிப்பு

லாரா கோப்பாவின் ‘சுதந்திரத்தின் நிறம்’ புத்தகத்தை இரண்டு தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை சென்னையில், மின்சார ரயிலில் போகவர. சில பக்கங்களில் கண்ணு கலங்கி, பக்கத்து ஆள் பார்க்கிறாரே என்று புத்தகத்தை மூடி வைத்ததும் உண்டு. இரண்டாம் தடவை ஒரு பொங்கல் லீவில், வருசநாட்டில், எங்க சித்தப்பா வீட்டுத் திண்ணையில். அந்தத் தடவை அழுகை வரவில்லை, சண்டைதான் வந்தது. பென்சிலை எடுத்து ஓரத்தில் கேள்விகளாக எழுதிக்கொண்டே போனேன்.

அந்தக் கேள்விகளை ஒழுங்குபடுத்திப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு. புத்தகத்தைப் பற்றியது பாதி. மீதி, அந்தப் புத்தகத்தில் வரும் இரண்டு பேரை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்பது பற்றியது. எங்க ஊர் ஏன் இதற்குள் வருகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சங்கரலிங்கம் ஜெகந்நாதன் 1914ல் செங்கப்படையில் பிறந்தவர். வசதியான குடும்பம். 1930ல், காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டவர். திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு கெய்த்தான் என்ற அமெரிக்க மிஷனரியுடன் சேர்ந்து ஏழைகள் நடுவில் வேலை. அந்தக் கெய்த்தானை, தேசிய இயக்கத்தோடு ஒட்டி நின்ற குற்றத்துக்காக பிரிட்டிஷ் அரசு நாட்டைவிட்டே வெளியேற்றியது. 1942ல் ஜெகந்நாதனுக்குச் சிறை. சுதந்திரம் வந்த பிறகுதான் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு காத்திருந்து, 1950ல் கிருஷ்ணம்மாளைக் கைப்பிடித்தார்.

கிருஷ்ணம்மாள் 1926ல் பட்டிவீரன்பட்டி பக்கம் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். வருசநாட்டிலிருந்து ரெண்டு பஸ் மாறினால் போய்விடுகிற தூரம்தான். மதுரையில் டாக்டர் சௌந்தரம் அம்மாவின் ஆதரவில் படித்தார். அந்தக் காலத்தில் அந்தச் சாதியில் பிறந்த ஒரு பெண் பட்டம் வாங்குவது என்பது தனியாக ஒரு புத்தகம் எழுதவேண்டிய விஷயம். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947ல் தொடங்கிய காந்திகிராமம்தான் இந்தத் தம்பதியின் வாழ்க்கைக்கு ஒரு கரை. மறுகரை நாகப்பட்டினம்.

இருவரும் 1981ல் தொடங்கிய அமைப்பின் பெயர் லாஃப்டி. உழுபவரின் நில விடுதலை என்று தமிழில் சொல்லலாம். 2008ல் இருவருக்கும் லாஃப்டிக்குமாகச் சேர்த்து, ‘மாற்று நோபல்’ என்று பத்திரிகைகள் எழுதும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அப்போது அவருக்கு 94 வயசு, அம்மாவுக்கு 82. ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் காந்திகிராமத்தில் காலமானார். கிருஷ்ணம்மாளுக்கு 2020ல் பத்மபூஷண் அறிவித்தார்கள்.

இனி என் சண்டைக்கு வருகிறேன்.

1. விளக்கு முன்னால், நோட்டு பின்னால்

இத்தாலிக்காரரான கோப்பா இரண்டு பேரிடமும் உட்கார்ந்து பேசித் தொகுத்த புத்தகம் இது. அவர்கள் வாயாலேயே கதை வருகிறது. அதுதான் பலம். தமிழில் தன்னறம் நூல்வெளி கொண்டுவந்த பிறகு, காந்தி என்றாலே கொட்டாவி விடும் இளைஞர்கள்கூட இதைப் படித்துவிட்டு ராத்திரி போன் பண்ணிப் பேசுகிறார்கள். சும்மா சொல்லவில்லை, எனக்கே மூணு பேர் பேசினார்கள்.

ஆனால் மூணு பேரும் பேசியது ஒரே விஷயம். அம்மாவின் பிரார்த்தனை, அம்மாவின் கருணை, அம்மா ஏற்றும் விளக்கு. கிருஷ்ணம்மாள் வள்ளலாரை வழிபடுகிறவர். பசித்தவனுக்குச் சோறு போடுவதையே வழிபாடாக்கி, வடலூரில் 1867ல் அணையா அடுப்பு மூட்டிய மரபு அது. ஆகவே விளக்கு முக்கியம்தான். அதை மறுக்கவில்லை.

என் குறை என்னவென்றால், விளக்கு வெளிச்சத்தில் கணக்கு நோட்டு தெரியாமல் போகிறது.

லாஃப்டி என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். நில உரிமையாளரையும், அந்த நிலத்தில் தலைமுறையாகக் கூலி வேலை பார்த்தவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பது. விலை பேசுவது. அந்த விலைக்குக் கூலிக்காரக் குடும்பங்களுக்கு பேங்க் கடன் வாங்கித் தருவது. பத்திரம் பதிவது, அதிலும் வீட்டுப் பெண்கள் பெயரில் பதிவது. பிறகு எல்லோரும் சேர்ந்து பயிர் வைத்து, விளைச்சலில் கடனை அடைப்பது. இதற்கு நடுவில் பேங்க் கடன் தர மறுக்கும். நிலமில்லாதவனுக்கு ஈடு ஏது என்று கேட்கும். முத்திரைத்தாள் கட்டணம் நிலத்தின் விலையோடு சேர்ந்து கழுத்தை நெரிக்கும். விற்கிறேன் என்று சொன்னவர் கடைசி நாளில் பின்வாங்குவார். இதையெல்லாம் தாண்டி, ஏறக்குறைய 13,000 ஏக்கர், ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். கேட்க சின்னதாக இருக்கும். ஆனால் காவிரிக் கடைமடையில் ஒரு ஏக்கர் நன்செய் சொந்தமாக இருப்பவள், நாளைக்குக் கூலி உயர்த்திக் கேட்டால் அடுப்பு எரியாதோ என்று பயப்பட வேண்டியதில்லை. அவளைக் குடியிருப்பைவிட்டு யாரும் விரட்ட முடியாது. பத்திரம் அவள் பெயரில் இருப்பதால் புருஷன் குடித்துவிட்டு அடமானம் வைப்பதும் சுலபமில்லை.

பெண் பெயரில் பத்திரம் என்ற முடிவை ‘தாய்மை’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அனுபவத்திலிருந்து வந்த கறாரான ஒரு நிபந்தனையாகத்தான் படுகிறது. கூலிக்காரக் குடும்பத்தில் சொத்து எந்த வழியாக வெளியே போகும் என்று தெரிந்த ஆள் எழுதிய நிபந்தனை.

புனிதர்களாக ஆக்குவதில் ஒரு வசதி இருக்கிறது. புனிதரைக் கும்பிட்டால் போதும். கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டால், நம்மாலும் செய்ய முடிகிற வேலைதானே இது என்ற உறுத்தல் வந்துவிடும்.

2. வெண்மணிக்குப் பிறகு

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித்துகள். கூலி உயர்வு கேட்டு, செங்கொடி சங்கத்தில் சேர்ந்ததற்கான தண்டனை. அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கிழக்குத் தஞ்சைக்குப் போனார்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் இடதுசாரி நண்பர்களின் விமர்சனத்தைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் கேட்பது இரண்டு கேள்வி. ஒன்று, நில உச்சவரம்புச் சட்டம் இருக்கும் ஊரில் பறிமுதல் பண்ண வேண்டிய நிலத்தை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? எரித்தவன் வர்க்கத்துக்கே பணம் போகிறதே. இரண்டு, நிலக்கிழார்கள் விற்கிற மனநிலைக்கு வந்ததே சங்கத்தின் போராட்டத்தால்தானே. சங்கம் களைத்த வயலில் காந்தியர்கள் வந்து நட்டுவிட்டுப் பெயர் வாங்கினார்கள்.

இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. கூலிச் சண்டையும் குத்தகைச் சண்டையும் பல வருசம் நடக்காமல் இருந்திருந்தால், எந்த மிராசுதாரும் கூலிக்காரப் பெண்களோடு விலை பேச உட்கார்ந்திருக்க மாட்டார். புத்தகத்தைப் படிக்கும் ஒருவருக்கு இந்தக் கடன் போதுமான அளவு தெரிவதில்லை. இருவர் தங்கள் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம், அதில் அடுத்தவர் கொடி சின்னதாகத் தெரிவது இயல்பு என்று விட்டுவிடலாம். ஆனால் தமிழில் இவர்களைப் பற்றி எழுதுகிற நாமாவது அதைச் சேர்த்து எழுத வேண்டும்.

முதல் கேள்விக்கு என் பதில் வேறு. உச்சவரம்புச் சட்டம் 1961லிருந்து இருக்கிறது. 1970ல் உச்சவரம்பை 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகவும் குறைத்தார்கள். ஆனால் நிலம் கோயில் பெயரில், அறக்கட்டளை பெயரில், பேரன் பேத்தி பெயரில், இறந்துபோன ஆளின் பெயரில் ஒளிந்துகொண்டது. அதற்கு எதிராகவும் இவர்கள் போராடினார்கள். வலிவலம் சத்தியாகிரகம் அறக்கட்டளைப் பெயரில் இருந்த நிலத்துக்காக நடந்ததுதான். ஆக, காசு கொடுத்து வாங்கியது அவர்கள் முதல் யோசனை இல்லை. தானமாகக் கேட்டுப் பார்த்தார்கள், சட்டத்தை வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள், சிறைக்குப் போய்ப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த யோசனை இது.

தானமாகக் கேட்டது என்றால் பூதானம். வினோபா 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கியது. அதைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்து சுமந்தவர்களில் ஜெகந்நாதன் முக்கியமானவர். பூதானத்தில் வந்த நிலத்தில் கணிசமானது கல்லும் முள்ளும், வழக்கில் கிடந்ததும்தான் என்பது ஊரறிந்த விஷயம். கொடுத்த கையே பிறகு மறுத்த கதைகளும் உண்டு. ஜெகந்நாதன் அதைத் தன் தோல்வியாகவும் பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தத் தோல்வியிலிருந்து அவர் கற்றுக்கொண்ட பாடம்தான் லாஃப்டியின் பத்திரமும் பதிவும்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. வெண்மணி வழக்கில் நாகப்பட்டினம் கோர்ட் தண்டித்தவர்களை 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. முக்கியக் குற்றவாளி என்று சொல்லப்பட்ட கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார். லாஃப்டி பிறந்தது 1981. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் காரண காரிய உறவு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் கோர்ட் கைவிட்ட ஒரு கொடுமைக்கு ஒரே வட்டாரத்திலிருந்து சில மாத இடைவெளியில் இரண்டு விதமான பதில்கள் வந்திருக்கின்றன. நம் ஆட்கள் முதல் பதிலைப் பற்றி நாவல், சினிமா, மேடைப்பேச்சு என்று நிறையப் பேசியாகிவிட்டது. இரண்டாவது பதிலில் ரத்தம் இல்லை, ரசீதுதான் இருக்கிறது. அதனால் அதைப் பேச ஆள் குறைவு.

3. இறால் பண்ணை: பாதி ஜெயித்த வழக்கு

1990களில் கடற்கரையோரம் இறால் பண்ணைகள் வந்தன. கம்பெனிகள் நெல் வயலை வாங்கி, குளம் வெட்டி, கடல்நீரை உள்ளே விட்டன. பக்கத்து வயல் உப்பாகும். கிணறு உப்பாகும். நெல்வயலுக்கு நாற்று நடவும் களை பறிக்கவும் அறுக்கவும் ஊரே வேண்டும். இறால் குளத்துக்கு ரெண்டு காவல்காரர் போதும். உழுபவருக்கு நிலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்த நிலமே செத்துப்போகும் நிலைமை.

எண்பதை நெருங்கிய வயசில் ஜெகந்நாதன் உண்ணாவிரதம் இருந்தார். உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம் என்ற அந்த வழக்கைச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எல்லா மாணவர்களும் இன்றும் படிக்கிறார்கள். 1996 டிசம்பர் 11ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். விவசாய நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொதுநிலம் எதையும் இறால் குளமாக மாற்றக் கூடாது. கெடுத்தவரே நஷ்டஈடு கட்ட வேண்டும்.

பெரும்பாலான கட்டுரைகள் இங்கே முடிந்துவிடும். கிழவர் ஜெயித்தார், சுபம்.

நடந்தது வேறு. சீராய்வு மனுக்கள் வந்தன. கெடு கடந்து போனது. 2005ல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, தீர்ப்பு தடுத்ததைச் சட்டம் மூலம் அனுமதித்தது. 2023ல் அதற்கு ஒரு திருத்தமும் வந்து, அனுமதி இன்னும் உறுதியானது. காகிதத்தில் கிடைத்த வெற்றியைக் காகிதத்தாலேயே வாங்கிக்கொண்டார்கள்.

இதைச் சொல்வது அவர்களைக் குறைக்க இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால்தான் குறை. ஒரு பெண்ணுக்குக் கொடுத்த ஒரு ஏக்கர் பத்திரத்தை எந்த நாடாளுமன்றமும் திரும்ப வாங்கவில்லை. நாட்டுக்கே வாங்கிக் கொடுத்த தீர்ப்பை எட்டே வருசத்தில் கரைத்துவிட்டார்கள். சின்ன வேலை நின்றது, பெரிய வெற்றி நிற்கவில்லை. இந்தப் பாடம் கோப்பாவின் புத்தகத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. நானாகச் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தது.

4. எங்க ஊர்க் கேள்வி

இப்போது வருசநாடு.

அமைதி, நீதி, சூழல், இந்த மூன்றையும் ஆன்மிகத்தில் கட்டி ஒரே மூச்சில் சொல்லும் அமைப்புகள் உலகம் முழுக்க இருக்கின்றன. லாஃப்டியைப் பற்றி வெளிநாட்டில் எழுதியவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரே சாமிக்கு மூணு பேர் மாதிரி. நாகப்பட்டினத்தில் அது உண்மை. அங்கே நிலமில்லாதவரும் நிலமும் ஒரே பக்கம், இறால் கம்பெனி எதிர்ப்பக்கம். உழுபவளுக்கு நீதி கிடைத்தால் மண்ணும் பிழைக்கும்.

எங்க ஊரில் அந்த மூணும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

எங்க தாத்தா உசிலம்பட்டிப் பக்கமிருந்து பஞ்சத்தில் வந்தவர். கண்டமனூர் ஜமீன் போன பிறகு, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் கூலிக்கு இருந்துவிட்டு, மலைக்கு ஏறினார். அரசரடிக்குப் போற வழியில் மேலே ஒரு இடம். காட்டை வெட்டித்தான் காடு ஆக்கினார். எங்க பக்கம் ரெண்டுக்கும் ஒரே சொல்தான். மரம் நிற்பதும் காடு, மொச்சை போட்டதும் காடு. பிறகு இலவம், கொட்டமுந்திரி, எலுமிச்சை. இதை எங்க சித்தப்பாகிட்ட சொன்னால் அவர் பெருமையாகச் சொல்வார். நான் அதே கதையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

ஏனென்றால் அந்த மலைதான் வைகை. மூல வைகை பிறந்து வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் என்று இறங்கி அணைக்கு வருகிறது. இல்லை, வர வேண்டும். வருசத்தில் பெரும்பாலான நாள் அது வெறும் மணல். 1959ல் திறந்த வைகை அணை இன்று பெரும்பாலும் முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பித்தான் நிற்கிறது. மலையில் சோலை போனதற்கும் ஆறு காய்ந்ததற்கும் இருக்கும் தொடர்பை ஊரில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. கீழே திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் இதே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களும் உழுபவர்கள்தான்.

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் வந்தது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் இருந்த எனக்கு அது நல்ல செய்தி. பேஸ்புக்கில் போட்டேன்கூட. அடுத்த வாரம் சித்தப்பா போன் பண்ணினார். “என்னாப்பா, புலி வந்துருச்சுங்கிற, நாங்க எங்கிட்டுப் போறது?”

2006 வன உரிமைச் சட்டம் அவருக்கு உதவாது. பழங்குடி அல்லாதவர்கள், 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூணு தலைமுறை, அதாவது 75 வருசம், காட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். தாத்தா அத்தனை முந்தி வரவில்லை. சரி, அந்தச் சட்டம் யாருக்கு உதவ வேண்டும்? எங்களுக்கு முன்னாலிருந்தே அந்த மலையில் இருக்கும் பளியர்களுக்கு. எங்க காட்டுக்கு முந்திரி பொறுக்கக் கூலிக்கு வருபவர்களும் அவர்கள்தான். ஆக, நிலமில்லாமல் மலைக்குப் போன தாத்தாவின் மகன், இன்று இன்னும் நிலமில்லாத ஒருவருக்குக் கூலி கொடுப்பவராக இருக்கிறார். நாகப்பட்டினக் கதையில் சித்தப்பா எந்தப் பக்கம் உட்காருவார்? ஏழையின் பக்கமா, ஆற்றைக் கெடுத்தவர் பக்கமா? எனக்கு ரொம்ப நாளாக இதற்குப் பதில் தெரியவில்லை.

இந்தக் கேள்வியோடு படித்ததால்தான் இரண்டாம் தடவை அழுகை வரவில்லை.

5. அப்படியானால் எதற்காகப் படிப்பது?

புத்தகத்திலிருந்து எங்க ஊருக்கு நேரடியாக எடுத்துப் போக முடியாத விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லாஃப்டியின் பேச்சுவார்த்தையில் விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். எங்க மலையில் அப்படி இல்லை. அரசாங்கம், குடியேறியவர், பளியர், கீழே இருக்கும் விவசாயி, நடுவில் வாயில்லாத ஆறு. விலை பேசி முடிக்கிற விஷயம் இல்லை. ‘கிருஷ்ணம்மாள் மாதிரி ஒருத்தர் வந்தால் சரியாயிடும்’ என்று சொல்வது சோம்பேறித்தனம்.

ஆனால் எடுத்துப் போக முடிகிற விஷயங்கள் இருக்கின்றன. நான் மூன்றைக் குறித்து வைத்தேன்.

முதலாவது, தங்குவது. வெண்மணிக்கு அன்று எத்தனையோ பேர் போனார்கள். பார்த்தார்கள், பேசினார்கள், எழுதினார்கள். இவர்கள் வீட்டையே அங்கே மாற்றினார்கள். எங்க மலைக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காட்டைக் காப்பாற்ற வருபவர்கள் ஒரு ஜீப்பில், மக்களைக் காப்பாற்ற வருபவர்கள் இன்னொரு ஜீப்பில். சாயங்காலம் ரெண்டு ஜீப்பும் தேனிக்குத் திரும்பிவிடும். ராத்திரி பன்னி வந்து மொச்சையைத் தின்னும்போதும், கோடையில் பளியர் குடியிருப்பில் ஊத்து வத்தும்போதும் ரெண்டு பேரும் அங்கே இல்லை.

இரண்டாவது, எதிராளியை உட்கார வைப்பது. அதற்கு முன்னால் அவரை மனுசனாக நம்ப வேண்டும். எரித்த ஊரில் போய் எரித்தவர்களின் சொந்தக்காரர்களோடு விலை பேச ஒரு மனசு வேண்டும். இங்கேதான் எனக்கு அந்த விளக்கின் உபயோகம் புரிந்தது. கிருஷ்ணம்மாளின் பிரார்த்தனையைத் தனியாக எடுத்து மாடத்தில் வைத்தால் அது பக்திக் கதை. காலையில் பிரார்த்தனை பண்ணிவிட்டுப் பத்து மணிக்கு அந்த மிராசுதார் வீட்டு வாசலில் போய்க் கோபமில்லாமல் நிற்க முடிந்தது என்று சேர்த்துப் படித்தால், அது வேலைக்கான தயாரிப்பு. ஆன்மிகம் என்ற சொல்லைப் பார்த்தாலே பக்கத்தைத் திருப்பும் என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

மூன்றாவது, தன் ஆளையே மீறுவது. எழுபதுகளின் நடுவில் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் பீகார் இயக்கம் சம்பந்தமாக சர்வோதயக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வினோபா ஒரு பக்கம், ஜேபி ஒரு பக்கம். வினோபா பின்னால் வருசக்கணக்கில் நடந்த ஜெகந்நாதன் ஜேபி பக்கம் போனார். நெருக்கடி நிலையில் ஜெயிலுக்கும் போனார். அமைதியும் நீதியும் எதிரெதிரே நின்ற ஒரு தருணம் அது. அவர் இரண்டும் ஒன்றுதான் என்று சமாளிக்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மூணும் ஒரே சாமி என்று எழுதுகிறவர்கள் இந்த அத்தியாயத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு எங்க ஊர்ப் பிரச்சினைக்கு மிகவும் பக்கத்தில் வந்த அத்தியாயம் இதுதான்.

எங்க குடும்பமும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மேல் சரிவில், ஊத்துத் தலைப்பில் இருக்கும் நிலத்தை விட்டுக் கீழே வரத்தான் வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் கீழே ஒரு இடம், பட்டாவோடு, சித்தி பெயரில் கிடைத்த பிறகு. இதில் முதல் பாதியை மட்டும் சொன்னால் சித்தப்பா என்னோடு பேச மாட்டார். இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் ஆறு பேசாது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல எனக்கு இந்தப் புத்தகத்தை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

பொங்கல் முடிந்து கிளம்புகிற அன்று சித்தப்பா புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். “யாருப்பா இது?” என்றார். சொன்னேன். பட்டிவீரன்பட்டிப் பக்கம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிலம் வாங்கிக் கொடுத்த கதையைச் சொன்னேன். பிரார்த்தனை, சத்தியாகிரகம், விருது எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“அம்புட்டு நெலத்துக்கும் பத்திரம் போட பணம் எப்பிடிப்பா பெரட்டுச்சு அந்தம்மா?”

கணக்கு நோட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடி எடுத்து, பஸ் வருகிற வரைக்கும் அவருக்குப் படித்துக் காட்டினேன். புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நான் வேறொன்று வாங்கிக்கொள்கிறேன்.

அடுத்து, தேனி மாவட்டத்தில் பூதானத்துக்கு வந்த நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்று தேட ஆரம்பித்திருக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் வினோபாவோடோ ஜெகந்நாதனோடோ நடந்தவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது இருந்தால், அவர்கள் சொன்னதை எழுதி அனுப்புங்கள். பழைய பத்திர நகல் ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது.